குள்ளர் வீடு என்ற பெயர் அறியாமை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், இறந்தவர்களுக்காகப் பழங்காலத்தவர் பலகைக் கற்களால் கட்டிய கல்திட்டைகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமைப்பு, காலம், அகழாய்வு எல்லாம் தெளிவாக இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை. மக்கள் அறியாமையால் இவற்றைக் 'குள்ளர் வீடு' என்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில், சிவகளைக்குப் பக்கம். எங்கள் காட்டில் உழும்போது, பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழியின் வாயில் கொழு இடித்து நிற்கும். அன்றைக்கு ராத்திரி ஆச்சியிடம் கதை நிச்சயம். "அந்தக் காலத்துல ஆளுகளுக்குச் சாவே கிடையாதுலே. வயசாக வயசாகச் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி கணக்கா ஆயிருவாவ. மாடக்குழியில வச்சுப் பாத்துக்கிடுவாவ. அதுக்கும் மேல முடியலன்னா தாழிக்குள்ள எறக்கி, அரிசியும் தண்ணியும் வெளக்கும் வச்சு மூடிருவாவ."

பின்னாளில் யோசித்துப் பார்த்தால், இந்தக் கதையில் கண்ணால் கண்டது எவ்வளவு இருக்கிறது! பல தாழிகளில் முழு உடல் இருப்பதில்லை. வேறோர் இடத்தில் கிடந்த உடலின் எலும்புகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கி வந்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்த ஓர் உழவர் என்ன நினைப்பார்? இவ்வளவு சின்னப் பானையில் மனுசன் அடங்கினான் என்றால், அவன் சுருங்கித்தான் இருக்க வேண்டும். சரியான கேள்விக்கு அவருக்கு எட்டிய பதில் அது. அரிசி விஷயத்தில் ஆச்சி சொன்னதே நடந்தது. சிவகளைத் தாழி ஒன்றில் நெல் கிடைத்து, அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று ஆச்சி உயிரோடு இல்லையே என்று இருந்தது.

வேலைக்காகக் கிருஷ்ணகிரி மாவட்டம் வந்த பிறகு மல்லச்சந்திரம் போனேன். பாறை மேல் கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நான்கு பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், ஒரு கல்லில் வட்டமாக ஓட்டை. இப்படிப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு பலகையின் ஓரமும் அடுத்ததைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை ஒன்று தாங்குவதால் சுண்ணாம்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். அந்த ஓட்டைக்கு முன் உட்கார்ந்து பார்த்தேன், தோளை நுழைக்க முடியாது. அதுதான் வாசல் என்று எடுத்துக்கொண்டால் உள்ளே குடியிருந்தவர் குள்ளராகத்தானே இருக்க முடியும்? இன்னும் சில ஊர்களில் பாண்டவர் வீடு என்பார்கள், வாலியர் வீடு என்பார்கள். மலபாரில் இருந்த ஈமக்குழிகளைப் பற்றி பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் எழுதி 1823இல் அச்சான கட்டுரையின் தலைப்பிலேயே 'பாண்டு குழி' வந்துவிட்டது. ஊரார் வாயில் இருந்த பெயரைக் கேட்டுத்தான் ஆய்வே தொடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கரடு ஒன்றில் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா, மூடுகல்லின் மேல் ஏறிய பையன்களை அதட்டி இறக்கினார். "குள்ளருங்க இருக்கிற எடம், மிதிக்காதீங்கடா." காவலாளி இல்லாத இடத்தில் அந்தப் பேச்சுதான் காவல். இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்தக் கரட்டில் பாதி இல்லை, ஜல்லியாகப் போய்விட்டது. மிச்சமிருந்த வீட்டின் நடுவில் புதையல் தேடித் தோண்டிய குழி. உள்ளே இருந்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளை வெளியே வீசியிருந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் எவரும் இதைச் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

நினைவுச் சின்னங்களில் தொல்லியல் துறை வைக்கும் நீலப் பலகையில் சட்டமும் தண்டனையும் எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பலகை வைத்து, ஊரார் சொல்லும் பெயரையும் கதையையும் அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை விட்டே அதைச் சேகரிக்கலாம், சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் இதழும் வாசகர்களிடம் கேட்டு ஒரு பக்கம் ஒதுக்கினால், முதல் கதையாக ஆச்சியின் கதையை முழுதாக எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.