மேல்விஷாரத்துக்கு இடம் விடு

வேலூர்

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. காலையில் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று நடக்கிறார். வெயில் வழக்கம்போல.

நீ அனுப்பிய ஏரிப் பட்டியல் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். நம் பக்கத்து ஏரிகளெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய சந்தோஷம். அட்டவணைதான் நிலைகொள்ளவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனால் நெடுவரிசைகளின் அகலம் மாறிவிடுகிறது. அட்டவணையின் அகலத்தைப் பிரிக்கும் முறையைச் சொல்லும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்துக்கான மொழி) அமைப்பான டேபிள்-லேஅவுட் 'ஆட்டோ'வில் இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். உலாவி எல்லாக் கட்டங்களின் எழுத்தையும் அளந்து அகலத்தைப் பிரிக்கும். நீ ஒரு நெடுவரிசைக்கு 80 பிக்சல் (திரைப் புள்ளி) என்று போட்டிருந்தாலும், 'காவேரிப்பாக்கம்' போல இடைவெளி இல்லாத சொல் வந்தால் அதைவிடக் குறுகாது. பக்கத்து நெடுவரிசைதான் நெருக்கப்படும்.

அதை 'ஃபிக்ஸட்' (நிலையான அகலம்) என்று மாற்று. கூடவே டேபிளுக்கு 100% அகலம் கொடு, அது இல்லாவிட்டால் ஃபிக்ஸட் வேலை செய்யாது. நெடுவரிசைகளின் அகலத்தை மொத்தமாகச் சொல்லும் கோல்குரூப்பில் ஊருக்கு 30%, ஏரிக்கு 30% என்று நீயே பிரித்துவிடு. உலாவி அதை வைத்தே முடிவு செய்துவிடும். கீழே எத்தனை வரிசை வந்தாலும் அசையாது. எந்த ஊருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நமக்குத் தெரியும், உலாவிக்குத் தெரியாது.

அப்புறம், நீளமான பெயர் கட்டத்தைத் தாண்டி வழியும். அதற்காக மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடாதே. மேல்விஷாரம், மேல்பாடி, மேல்பட்டி, மேல்மொணவூர் நான்கும் 'மேல்…' என்று நின்றால், தன் ஊரைத் தேடி வரும் விவசாயி எதைத் தட்டுவார்? நீளமான சொல்லை மடிக்கும் அமைப்பான ஓவர்ஃப்ளோ-ராப்பில் 'பிரேக்-வேர்ட்' போடு. பெயர் இரண்டு வரியாக மடியும், ஆனால் முழுசாக இருக்கும். வரிசை கொஞ்சம் உயர்ந்தால் உயரட்டும்.

எண்களை வலப்பக்கம் ஒதுக்கு. போனுக்கு, டேபிளைச் சுற்றி ஒரு டிவ் (உறைப் பெட்டி) போட்டு, அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடு, இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கலாம். டேபிளுக்கு 600 பிக்சல் மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) வை. கட்டங்களுக்கு வைக்காதே, ஃபிக்ஸட்டில் அது எடுபடாது.

மாற்றியதும் இணைப்பை அனுப்பு. குடியாத்தத்தில் அண்ணனிடம் பழைய போன் ஒன்று இருக்கிறது, அதிலும் திறந்து பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு வருகிறாய்தானே?

அன்புடன்,
உன் நண்பன்