பட்டா யார் பெயரில்? தமிழில் டெக், கேம் வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போன், லேப்டாப், கேம் பற்றித் தமிழில் வீடியோ போடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, சார்ஜிங் பின்னில் அடைந்த பஞ்சை ஊசியால் எடுப்பது, இடையில் ஜெராக்ஸ். அதற்கு முன்னால் இதே இடத்தில் ப்ரௌசிங் சென்டர் நடத்தினேன். உங்களில் ஏழெட்டுப் பேருடைய வீடியோக்கள் என் கடையில் நாள் முழுக்க ஓடுகின்றன. கண் போர்டில் இருக்கும்போது காதுக்கு ஏதாவது வேண்டுமே. '20,000 ரூபாய்க்குள் எது நல்ல போன் அண்ணா?' என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதிலில் பாதி உங்களிடமிருந்து எடுத்ததுதான். அதனால் இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரி, கொஞ்சம் குறையும் இருக்கிறது.

உங்கள் வீடியோக்களில் பாதிக்கு ஒரே தலைப்பு: 'வாங்கலாமா, வேண்டாமா?' அந்த 'வாங்கலாமா' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன வருடம் வத்தல்மலையிலிருந்து ஒரு பையன் வந்தான். பாலிடெக்னிக் படிக்கிறான். லீவில் ஓசூரில் ஒரு பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு செகண்ட் ஹாண்ட் லேப்டாப் வாங்கியிருந்தான். மிச்சத்தில் தள்ளுபடியில் வந்த ஒரு கேமுக்கு 900 ரூபாய் கொடுத்திருந்தான். கேமின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு, அவ்வளவுதான். அளவு 62 ஜிபி. அவன் சிம்மில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. வேறு எதுவும் பார்க்காமல் இருந்தாலும் ஒரு மாதம் ஆகும். 'அண்ணா, உங்க வைஃபையில போட்டுக்கட்டுமா?' என்று கேட்டான். இரண்டு ராத்திரி அந்த லேப்டாப் என் கடை மேசையில் மின்விசிறிக்கு நேராகத் திறந்தபடி கிடந்தது. இறங்கி முடிந்ததும் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மலை பஸ் ஏறினான்.

நான்காம் நாள் அதே பையோடு வந்து நிற்கிறான். வீட்டில் திறந்தால் 'இணைய இணைப்பு தேவை' என்று வந்து நின்றுவிடுகிறதாம். அவன் வீட்டுப் பக்கம் சிக்னல் காற்றடித்தால் வரும், திரும்பினால் போகும். அந்தக் கேமில் இன்னொருவரோடு ஆடும் வேலையே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எங்கோ இருக்கும் சர்வரிடம், அதாவது கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் போய் 'இவன் ஆடலாமா?' என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் திறக்கும். 'காசு குடுத்துதானண்ணா வாங்கினேன்?' என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தன் பக்கம் ஏதோ தப்பு நடந்துவிட்டது போல மெதுவாகக் கேட்டான். கம்பெனிக்கு எழுதினோம். உங்கள் இணைப்பைச் சரிபாருங்கள் என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

இதை வாங்குவதற்கு முன் அவன் உங்கள் வீடியோக்களில் மூன்றைப் பார்த்திருக்கிறான். கிராபிக்ஸ் எப்படி, எந்த கிராபிக்ஸ் கார்டில் எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரும், கதை இழுக்கிறதா என்று எல்லாம் சொல்லியிருந்தீர்கள். நெட் இல்லாமல் ஓடுமா என்பதை மட்டும் மூன்று பேருமே சொல்லவில்லை. உங்கள் அறையில் நெட் எப்போதும் இருக்கிறது, அதனால் தோன்றியிருக்காது. ஆனால் பார்க்கிறவன் சித்தேரி மலையிலும் இருப்பான், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டு ஓரத்திலும் இருப்பான்.

எங்கள் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் என்றால் முதல் கேள்வியே 'பட்டா யார் பெயரில்?' என்பதுதான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, தடம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். குத்தகைக்கு எடுத்தவருக்குத் தான் குத்தகைக்காரர் என்பது தெரியும். வாரத்துக்கு உழுகிறவருக்குத் தன் பங்கு எவ்வளவு என்பது தெரியும். போக்கியத்துக்கு வீடு பிடித்தவர் காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டும், ஆனால் கொடுத்த பணம் முழுதாகத் திரும்ப வரும். இத்தனை ஏற்பாட்டுக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆனால் இன்று இணையக் கடைகளில் விற்கும் பெரும்பாலான கேம்கள் இதில் எதிலும் சேராது. முழு விலை வாங்கிக்கொள்வார்கள், பட்டா அவர்கள் பெயரில், நமக்கு அனுபோகம் மட்டும். காலக்கெடுவும் கிடையாது, அவர்கள் மனது வைக்கும்வரை. அதை நீங்களும் 'வாங்கலாம்' என்கிறீர்கள்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியின் 'தி க்ரூ' கதையைப் பாருங்கள். 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய விளையாட்டு. தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அதோடு கடைகளில் டிஸ்க்காக வாங்கியவர் கையில் இருந்ததும் வெறும் தட்டாகிவிட்டது. அடுத்த சில நாளில், வாங்கியவர்களுடைய கணக்கிலிருந்தே உரிமத்தை எடுத்துவிட்டார்கள்.

போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கயிறு கைமாறிவிட்டால் மாடு அவருடையது. பத்து வருடம் கழித்து விற்றவர் வந்து, 'தீவனம் கட்டுப்படியாகவில்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறேன்' என்று சொன்னால் சந்தையே சிரிக்கும். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

சர்வர் நடத்தச் செலவாகும் என்பது எனக்கும் தெரியும். கார் கம்பெனிகளின் பெயரைப் பயன்படுத்த வாங்கிய உரிமத்துக்கும் காலம் முடியும். கடை நடத்துகிறவன் நான், கரண்ட் பில்லின் கனம் தெரியும். காலாகாலத்துக்கும் சர்வரை ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. கடையை மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, நாங்கள் தனியாக ஆடிக்கொள்கிறோம் என்பதுதான் கோரிக்கை. இதைத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற பெயரில் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. கவனியுங்கள், தொடங்கியவர் வக்கீலோ அமைச்சரோ இல்லை. உங்களைப் போல வீடியோ போடுகிறவர்.

ஒழுங்காக நடந்துகொண்ட உதாரணமும் உண்டு. சோனியின் 'கான்கார்ட்' என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, ஆடுவதற்கு ஆளில்லை, செப்டம்பர் 6 அன்று மூடினார்கள். ஆனால் வாங்கிய எல்லோருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் ஊற்றி மூடிய கேம் என்று நீங்கள் எல்லோரும் கலாய்த்து வீடியோ போட்டீர்கள். நானும் சிரித்தேன். பணம் திரும்பி வந்ததை எத்தனை பேர் சொன்னீர்கள்? அதே சோனி 2023 டிசம்பரில், டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களிடம் 'மாதக் கடைசியோடு அவை உங்கள் கணக்கில் இருக்காது' என்று அறிவித்தது. கூச்சல் எழுந்தது, பிறகு புது ஒப்பந்தம் போட்டு அந்த முடிவைக் கைவிட்டார்கள். கூச்சலுக்கு இங்கே மதிப்பிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் இந்த ஒரு சொல்லுக்காகவே சட்டம் போட்டுவிட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்கே டிஜிட்டல் சரக்கை விற்பவர், இது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானை வைக்க முடியாது. நிரந்தரமாக இறக்கி நெட் இல்லாமலே வைத்துக்கொள்ளக் கூடியதற்கு விலக்கு உண்டு. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே, பணம் கட்டும் பக்கத்தில் நீங்கள் பெறுவது உரிமம் என்று ஒரு வரி போட்டுவிட்டது. பட்டா உனக்கில்லை என்று ஸ்டீமே சொல்கிறது. அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டிய ஒரு வீடியோவை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, என் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். ப்ரௌசிங் சென்டர் காலத்தில் எங்கள் ஊரில் ஓடிய கேம்கள் அத்தனையும் காப்பி. ரோட் ராஷ், ஐஜிஐ, வைஸ் சிட்டி என்று மார்க்கர் பேனாவில் எழுதிய சிடிக்கள். கீறல் விழுந்தால் பற்பசை தடவித் துடைப்போம். 2011 செப்டம்பரில் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்த பிறகு பென் டிரைவ் கையிலிருந்து கைக்குப் போய், காரிமங்கலத்தில் ஏற்றியது அரூரில் இறங்கும். செய்தவனுக்கு உழைப்புக்கு ஒரு பைசா போகவில்லை. அது தப்பு, அதை நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் அந்தப் பையன் கேட்டுவிட்டு நின்ற அன்று, மேஜையின் கீழ் டிராயரில் ஒரு பழைய சிடி கையில் பட்டது. கடையில் ஒரு பென்டியம் 4 இன்னும் உயிரோடு இருக்கிறது, பில் போடுவதற்கு. சிடியை வேட்டி முனையில் துடைத்துப் போட்டேன். தட்டு உள்ளே இழுபட்டு, கரகரவென்று சுற்றி, ஒரு முறை தடுமாறி, மறுபடி சுற்றி, பைக்குகள் வரிசையாக வந்து நின்றன. இருபது வருடத்துத் திருட்டு சிடி ஓடுகிறது, நாலு நாளைக்கு முன்னால் காசு கொடுத்தது ஓடவில்லை. பையன் என்னைப் பார்த்தான், எனக்குப் பதில் வரவில்லை. நேர்மையாக நடந்தவனுக்குத்தான் இங்கே பூட்டு. அடுத்த முறை இவன் எதற்காகக் காசு கொடுக்க வேண்டும்?

மொபைல் கேம் பக்கம் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஆடுகிறவர்கள் சின்னப் பிள்ளைகள். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளுக்குத் தடை வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். அதே வருடம் ஜூலையில், பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ ஆப் கடைகளிலிருந்து காணாமல் போய், 2023 மேயில் திரும்ப வந்தது. தடை சரியா தப்பா என்பது வேறு பேச்சு. ஒவ்வொரு முறையும் நீங்கள் போட்டது 'எப்போது திரும்ப வரும்?', 'வேறு என்ன ஆடலாம்?' என்ற வீடியோக்கள்தான். அம்மாவின் ஜிபேயிலிருந்து எடுத்து கேமுக்குள் விற்கும் டைமண்டுக்கும் ஸ்கின்னுக்கும் (ஆடும் உருவத்தின் உடைக்கும்) போட்ட காசு என்ன ஆகும் என்று நான் பார்த்தவரையில் ஒருவரும் பேசவில்லை. ரம்மி விளம்பரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசுச் சட்டம் வந்து பண விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் சேர்த்தே நிறுத்திவிட்டது. சட்டம் வரும்வரை நீங்களாக நிறுத்தவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு கேமைப் பற்றிப் பேசினால் அரை நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். எத்தனை ஜிபி இறக்க வேண்டும், நெட்டை அணைத்துவிட்டால் திறக்குமா, கம்பெனி சர்வரை மூடினால் நம் கையில் என்ன மிஞ்சும். நீங்களே ஏரோப்ளேன் மோடு போட்டுத் திறந்து காட்டினால் போதும், வாயால் சொல்லக்கூட வேண்டாம். ஜிஓஜி போன்ற கடைகளில் கேமைப் பதியும் ஃபைலான இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கிடைக்கும் கேமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், காசு அந்தப் பக்கம் போகட்டும். அப்புறம் அந்தச் சொல். முழுசாக நம்முடையதாகும் சரக்குக்கு 'வாங்கலாம்' என்று சொல்லுங்கள். மற்றதற்கு 'காசு கட்டி ஆடலாம்' என்று சொன்னால் உங்கள் வாய் ஒன்றும் வலிக்காது. ஸ்பான்சர் கோபித்துக்கொள்வார் என்றால், எந்த ஸ்பான்சர் என்று எனக்குப் புரிந்துவிடும்.

தவணையில் போன் எடுத்தவர்கள் என்னிடம் வருவார்கள். இரண்டு மாதம் கட்டவில்லை, போன் பூட்டிக்கொண்டது, திறந்து கொடுங்கள் என்பார்கள். திறக்க மாட்டேன், கடனைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கட்டுவார்கள், ஏனென்றால் கடைசித் தவணை கட்டினால் போன் தன்னுடையது என்று தெரியும். வத்தல்மலைப் பையனுக்குக் கட்டுவதற்குத் தவணை எதுவும் பாக்கி இல்லை.

அவன் இப்போது அந்தக் கேமை என் கடையில் வந்துதான் ஆடுகிறான். சனிக்கிழமை சாயங்காலம், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில். பாதிக் கதை தாண்டிவிட்டானாம். பொங்கல் லீவுக்கு மறுபடி ஓசூர் போகப் போகிறான், வரும்போது கையில் 1,500 ரூபாய் இருக்கும், அடுத்து எதை எடுக்கலாம் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீடியோ வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஒரு சர்வீஸ் கடைக்காரன்