கோவில் கூரையில் ஒரு துளை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கலிலியோ பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1633இல் அந்த முதியவரை மண்டியிட வைத்து, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியதை அவர் வாயாலேயே மறுக்கச் செய்தார்கள். 1642இல் சாகும்வரை வீட்டுக்காவல். அவருடைய நூல், படிக்கக் கூடாதென்று திருச்சபை வைத்திருந்த நூல்களின் தடைப்பட்டியலிலிருந்து நீங்கியது 1835இல்தான். நான் கத்தோலிக்கன், இதற்கெல்லாம் சப்பைக்கட்டு கட்ட வரவில்லை. ஆனால் அன்றோடு திருச்சபை அறிவியலுக்குக் கதவடைத்துவிட்டது என்று கட்டுரை முடிந்ததே, அது சரியல்ல.

22 ஆண்டுகள் கழித்து, போப்பின் ஆட்சியில் இருந்த இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் நடந்ததைப் பாருங்கள். 1655இல் காசினி என்ற வானியலாளர், அங்குள்ள புனித பெத்ரோனியோ பேராலயத்தில் 27 மீட்டர் உயரத்தில், கூரையில் ஒரு சிறு துளை போட்டார். கீழே தரையில் தெற்கு வடக்காகச் சுமார் 67 மீட்டருக்கு ஒரு கோடு. நண்பகலில் துளை வழியே இறங்கும் வெயில், வட்டமாக அந்தக் கோட்டைக் கடக்கும். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் ஓட்டுச் சந்து வழியாகக் காசு மாதிரி வெளிச்சம் விழுந்து, மதியத்துக்குள் அடுப்படி வரை நகர்ந்துவிடும். அதே சங்கதிதான்.

எதற்கு இந்தப் பாடு? ஈஸ்டருக்காக. பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளை வைத்துத்தான் அந்த ஞாயிறு குறிக்கப்படுகிறது. வட்டம் கோட்டில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்து அந்த நாளைக் கண்டுபிடிக்கலாம். 1582இல் திருத்திய நாள்காட்டி பிசகாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் காசினி அந்த வெயில் வட்டத்தின் அகலத்தை வெவ்வேறு பருவங்களில் அளந்தார். சூரியன் தள்ளிப் போனால் வட்டம் சிறுக்கும், நெருங்கினால் பெருக்கும். அங்கே கோடையில் சூரியன் விண்மீன்களின் நடுவே மெதுவாக நகர்வதுபோலத் தெரியும், குளிர்காலத்தில் வேகமாக. தூரம் கூடிக் குறைவது மட்டுமே காரணமென்றால் வட்டமும் அதே விகிதத்தில் மாற வேண்டும். பாதியளவே மாறியது. ஆக, வேகமும் நிஜமாகவே மாறுகிறது. இப்படித்தான் மாறும் என்று வானியலாளர் கெப்ளர் முன்பே சொன்னது சரி. சுற்றுவது பூமியா சூரியனா என்பதை இது தீர்க்கவில்லைதான். ஆனால் கெப்ளரின் நூலொன்று 1619 முதல் அதே தடைப்பட்டியலில் இருந்தது! அவர் கணக்கு சரியென்று காட்டியது ஒரு பேராலயத்தின் தரை. கூட நின்று அளந்தவர்களில் ரிச்சியோலி, கிரிமால்டி என்ற இயேசு சபைக் குருக்களும் உண்டு.

ஒரே சபைதான் இரண்டையும் செய்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தக் கோடு இன்றும் பொலோஞ்ஞாவில் இருக்கிறது. அடுத்த இதழில் அதன் படத்தைப் போட்டால், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை