மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பாட்டுக் கூட்டத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

சனிக்கிழமை நடந்த பாட்டுக் கேட்கும் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. சிகாகோவில் குடியிருக்கும் தமிழர்கள் இந்த ஊர்ப் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸுக்காக இப்படித் திரண்டு வருவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

முதல் நன்றி, தன் பழைய இசைத்தட்டுகளை நம்பிக் கொடுத்த கீழ்வீட்டுப் பெரியவருக்கு. சர்ச் பாடகர் குழுவில் வெகுகாலம் பாடியவர். கொடுத்ததோடு விடாமல் தானே வந்து உட்கார்ந்து, மேவிஸ் தன் குடும்பத்தோடு பாடிய ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழுவின் கதையையும் சொன்னார். மிசிசிப்பியிலிருந்து வந்து இறைச்சிக்கூடத்தில் உழைத்த அப்பா பாப்ஸ், பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து ஆளுக்கொரு சுருதி பிரித்துக் கொடுத்தது. அத்தை சொன்னாரென்று 1948ல் சர்ச்சில் பாடப் போனபோது, முழுதாகத் தெரிந்த ஒரே பாட்டைக் கைதட்டலுக்காகத் திரும்பத் திரும்பப் பாட வேண்டி வந்தது. அண்ணன் பெர்விஸின் குரல் உடைந்ததும் முன்பாட்டு மேவிஸிடம் வந்தது. 1956ல் வெளிவந்த இசைத்தட்டை வானொலியில் கேட்டவர்கள், அந்தக் கனத்த குரல் ஒரு சின்னப் பெண்ணுடையது என்று நம்பவே இல்லையாம். தட்டைப் போட்டதும் நம் கூட்டத்திலும் அதே கதைதான்!

பெரியவர் பேசப் பேசத் தமிழில் சொன்ன தங்கைக்கும் நன்றி. சில இடங்களில் அவரைவிட நீளமாகவே சொன்னாய், பரவாயில்லை.

ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட தம்பிக்குத் தனி நன்றி. 1972ல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்த அவர்கள் பாட்டு 'ஐ'ல் டேக் யூ தேர்' ஓடும்போது ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி போட்டுக் காட்டினான். மேவிஸ் "டாடி" என்று கூப்பிடுகிறார், கிடார் பதில் சொல்கிறது. ஆனால் அங்கே வாசித்தது அப்பா அல்ல, எட்டி ஹிண்டன். அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோக் கலைஞர்களில் ஒருவர். அப்புறம் அதே ஸ்டுடியோவின் டேவிட் ஹூட்டுடைய பேஸ் கிடார் தனியாக நடக்கும் இடத்தில் பின்வரிசை மாமிகள் தாளம் போட்டதை நான் பார்த்துவிட்டேன்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பெரிய ஆள் மேவிஸின் அக்கா இவோன்தான். மேடையில் பின்பாட்டு, வெளியே கணக்கு வழக்கு. 2000ல் அப்பா போனபின் முடங்கிக் கிடந்த மேவிஸை மறுபடி பாட விரட்டியவர் அவர். மேவிஸ் கைக்காசைப் போட்டு எடுத்த ஆல்பம் 2004ல் வந்தது. 2011ல், 71 வயதில், கிராமி இசை விருது. இதையெல்லாம் நம் கூட்டத்தில் அழகாகப் பேசிய நம்ம அக்காவுக்கு நன்றி. நேரமாகிவிட்டது என்று நான் சீட்டு அனுப்பியதைக் கண்டுகொள்ளாமல் பேசியதற்கும்தான்.

சுண்டலும் காபியும் கொண்டுவந்தவர்களுக்கு, கூடம் பெருக்கிய பிள்ளைகளுக்கு, எல்லோருக்கும் நன்றி. இசைத்தட்டுகளைப் பெரியவரிடம் பத்திரமாகச் சேர்த்துவிட்டேன். மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.