நாகஸ்வரப் பாட்காஸ்ட் நடத்தும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

நாகஸ்வரத்துக்கென்று ஒரு பாட்காஸ்ட் நடத்தினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஆளாளுக்கு உன்னிடம் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. வந்தவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள் என்பதுதான் கவலை. உன் மூன்றாவது எபிசோடில் வித்வான் பேசும்போது வால்யூமை முழுக்க ஏற்ற வேண்டியிருக்கிறது, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கியதும் காது அடைக்கிறது. பஸ்ஸில் இயர்போனோடு கேட்கிறவர் ஒரு தடவை பொறுத்துக்கொள்வார். அடுத்த தடவை வேறு எதையாவது போட்டுவிடுவார்.

பேச்சு, வாசிப்பு இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே கெயினில், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் ஒரே அளவில், பதிந்திருக்கிறாய். இரண்டையும் தனித்தனி வேலையாக வைத்துக்கொள்.

பேச்சுக்கு எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக் போதும். கண்டன்சர் மைக் ஸ்டுடியோவில் அழகாக இருக்கும். மொசைக் தரையும் வெறும் சுவருமாக இருக்கிற கூடத்தில் எதிரொலியையும் தெருவில் போகிற ஆட்டோவையும் சேர்த்து அள்ளிவிடும். வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, கன்னத்துப் பக்கமாகச் சாய்த்துப் பிடி. அப்போதுதான் 'ப' சொல்லும்போது மைக்கில் ஊதாது. ஃபேனை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதே. கிளம்புமுன் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிந்துகொள், வெட்டி ஒட்டின இடங்களில் நிரப்ப அது வேண்டும்.

வாசிப்பு தொடங்குமுன் எழுந்து மைக்கை மாற்று. நாகஸ்வரத்தின் அகன்ற அடிவாயான அணசுக்கு நேரே வைக்கத்தான் கை போகும். ஆனால் ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது, அணசுக்கு நேரே வைத்தால் காதில் குத்தும். எட்டடி தள்ளி, ஒரு பக்கமாக, துளைகள் உள்ள மரக்குழலான உலவின் நடுவைப் பார்க்க வை. தவிலும் இருந்தால் பத்தடி தள்ளி, நாகஸ்வரக்காரர் பக்கமாகவே நில். கெயின் வைக்க "கொஞ்சம் வாசியுங்கள்" என்று கேட்டால் யாரும் மெதுவாகத்தான் வாசிப்பார்கள். தவில்காரரை முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வாசிக்கச் சொல்லி, அதன் உச்சம் மீட்டரில் -12 டெசிபலைத் தாண்டாமல் வை. சூடு பிடித்ததும் அதற்கு மேலேயும் ஏறுவார். 0-வைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், எந்த சாஃப்ட்வேரும் அதை முழுசாக மீட்டுத் தராது. 24 பிட்டில் பதிந்தால், அளவு குறைந்திருந்தாலும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஃபோனை மட்டும் நம்பி உட்காராதே. பல ஃபோன் ஆப்கள் தாமாகவே கெயினை ஏற்றி இறக்கும். தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பியில் ஒரு அடி விழுந்ததும் நாகஸ்வரம் அமுங்கி, பிறகு மெல்ல எழும்பும். ராக ஆலாபனைக்கு அதைவிடக் கேடு இல்லை.

எடிட்டிங்கில் நீ தவறவிட்டது ஒன்று. பாட்காஸ்ட்டுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் -1 டெசிபல். முழு எபிசோடையும் சேர்த்து நார்மலைஸ் செய்தால், அதாவது அந்த அளவுக்குக் கொண்டுவந்தால், மீட்டர் -16 காட்டும், உள்ளே பேச்சு -20-இலும் வாசிப்பு -12-இலும் இருக்கும். மீட்டர் சொல்வது சராசரிதானே. பேச்சை மட்டும் முதலில் -16-க்குக் கொண்டுவா. வாசிப்பை -18-இல் வை. ஒரே அளவு காட்டினாலும் நாகஸ்வரம் காதுக்குத் தூக்கலாகத்தான் கேட்கும். எடிட்டிங் சாஃப்ட்வேரான ஆடாசிட்டியில் மோனோ (ஒற்றைச் சேனல்) டிராக்கை நார்மலைஸ் செய்யும்போது, மோனோவை இரட்டை மோனோவாகக் கொள்ளும் டிக் இருக்கட்டும். எடுத்துவிட்டால் 3 டெசிபல் தப்பும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் பேச்சுக்கு மட்டும் போடு, வாசிப்புக்குப் போட்டால் தொப்பியின் கனத்த ஒலி மெலிந்துவிடும். இரைச்சல் நீக்குவதையும் பேச்சோடு நிறுத்து, 6 டெசிபலுக்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 போதும், 40 நிமிட எபிசோட் சுமார் 38 எம்பி வரும்.

ஆட்களைச் சேர்ப்பது பற்றி. "எபிசோட் 3: ஒரு மாலைச் சந்திப்பு" என்று யாரும் தேடுவதில்லை. "மல்லாரிக்கு ஏன் கம்பீரநாட்டை ராகம்" என்று வை. நாகஸ்வரம், நாதஸ்வரம் இரண்டையும் தமிழிலும் ரோமன் எழுத்திலும் குறிப்பில் போடு, ஆளுக்கொரு விதமாகத்தான் தேடுவார்கள். உன் கேட்போர் இசைக் கல்லூரி மாணவர்களிடையே இருக்கிறார்கள், நரசிங்கம்பேட்டையில் வாத்தியம் செய்கிறவர்களிடையே, யாழ்ப்பாணத்து அளவெட்டி, இணுவில் இசைக் குடும்பங்களிலும் அங்கிருந்து கனடா போனவர்களிடையேயும் இருக்கிறார்கள். 40 விநாடித் துண்டு ஒன்றை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பு. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குக் காசு கொட்டுவது வீண் என்பது என் எண்ணம். முகூர்த்த மாதங்களில் வித்வான்களைப் பிடிக்க முடியாது. கல்யாணம் இல்லாத ஆடியில் ஆறேழு பேரைப் பதிந்து வைத்துக்கொண்டால் மாதம் இரண்டு தவறாமல் போடலாம். போகும்போது வெற்றிலை பாக்கோடு சம்பாவனை கொடு, வெளியிடச் சம்மதம் என்று கையெழுத்தும் வாங்கு.

டவுன்லோட் எண்ணிக்கையைத் தினமும் பார்க்காதே. அது ஆள் கணக்கில்லை, கேட்காமலேயே ஃபோன் இறக்கி வைத்ததும் அதில் சேரும். ஆப்பிள் 2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17-இல் தானாக இறக்குவதைக் குறைத்ததும், கேட்போர் குறையாமலேயே பலருக்கு எண்ணிக்கை சரிந்தது. எத்தனாவது நிமிடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்.

பழைய இசைத்தட்டு போட ஆசைப்படுகிறாய். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956-இல். இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு, ஆகவே அவர் இருந்தபோது வெளிவந்த தட்டுகளுக்கு இங்கே சிக்கல் இல்லை. அவருக்குப் பிறகு முதன்முதலாக வெளியான கேசட், சிடிகளுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் காலம் இன்னும் நீளம், 1940களின் தட்டுக்கே அங்கே உரிமை முடியவில்லை. முப்பது விநாடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்று சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

ஹோஸ்டிங்கை, அதாவது எபிசோட்களை ஏற்றி வைக்கும் இடத்தை, மாற்றப்போவதாகச் சொன்னாய். ஆப்கள் எபிசோட்களை எடுக்கும் முகவரியான ஃபீடில், பழையதிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக இடம் மாறியது என்ற திருப்பல்) போட்டு, குறைந்தது நாலு வாரம் விட்டுவை. எபிசோட்களின் ஜியுஐடி (ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) மாறக்கூடாது, மாறினால் எல்லோருடைய ஃபோனிலும் பழைய எபிசோட்கள் புதுசாக இன்னொரு தடவை வந்து நிற்கும்.

அடுத்த எபிசோடை வெளியிடுமுன் எனக்கு வேவ் கோப்பாக அனுப்பு, பேச்சும் வாசிப்பும் தனித்தனி டிராக்காக. மீட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா