ஒரே நிறம் என்பதற்காக ஒரு பழைய கதவை வாங்கவேண்டாம்: எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாரி தொடங்கி வயல்களில் நீர் நின்றதும், மாடுகள் காய்ந்த இடம் தேடி இரவில் ஏ9 வீதியில் வந்து படுத்துக்கொள்வதை வன்னியில் வாகனம் ஓட்டும் எல்லோரும் அறிவர். அக்காலத்தில் அவற்றில் மோதிச் சேதமான வாகனங்களுக்காக, பாவித்த பாகங்கள் விற்கும் எமது கிளிநொச்சிக் கடைக்கு பொனட், முன் மட்காட், பம்பர் தேடி வருவோர் அதிகம். "எங்கட வாகனத்தின்ர கலரிலயே இருக்கோ?" என்பதே பெரும்பாலும் அவர்களுடைய முதற்கேள்வி. நாம் அதற்குப் பதில் சொல்லுமுன் சேஸி இலக்கத்தை (வாகனத்தின் உடலில் பொறிக்கப்பட்ட அடையாள எண்ணை) கேட்பது சிலருக்குச் சலிப்பைத் தருகிறது என்பதால், அதன் காரணத்தை இங்கு விளக்க விரும்புகிறோம்.

வாகனத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் தகரம் பொருந்திவிடாது. இங்கு எல்லோரும் "141" என்று சொல்லும் ரொயோட்டாவில் இரண்டு வகை ஓடுகின்றன. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான அக்சியோவின் அகலம் 1695 மில்லிமீற்றர். வெளிநாடுகளுக்கெனத் தயாரான கொரொல்லாவின் அகலம் 1760 மில்லிமீற்றர். ஒன்றின் பொனட்டை மற்றதில் எந்த டிங்கரிங் கெட்டிக்காரராலும் ஒழுங்காக உட்காரவைக்க முடியாது. வகன் ஆர் வாகனத்திலும் இதே சிக்கல் உண்டு: ஜப்பானியது அந்நாட்டின் சிறு கார்களுக்கான 3.4 மீற்றர் நீள வரம்புக்குள் அடங்குவது, இந்தியாவில் தயாரானது அதைவிட நீளமானது. ஒரே மொடலிலும் இடையில் முகப்பு மாற்றப்பட்டிருக்கும். விளக்கின் விளிம்பு மாறினால் பம்பரும் சில வேளை மட்காட்டும் மாறிவிடும். இவற்றைச் சேஸி இலக்கமும் தயாரித்த ஆண்டும் தெரிந்தாலே பிரித்தறியலாம்.

அடுத்ததாகப் பார்க்கவேண்டியது தகரத்தின் நிலை. பளபளப்பில் மயங்காமல், பாகத்தைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். அடிபட்டு நிமிர்த்தப்பட்ட தகரத்தின் உட்பக்கத்தில் சுத்தியல் தடமோ மடிப்போ பெரும்பாலும் எஞ்சியிருக்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை மேற்பரப்பு முழுவதும் மெதுவாக நகர்த்தினால், நெளிவை நிரப்பும் பசையான பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் பிடிப்பு தளரும். ஆனால் மூன்றாம் தலைமுறை ரொயோட்டா பிரியஸின் பொனட்டும் பின்கதவும் அலுமினியத்தாலானவை; அவற்றில் காந்தம் ஒட்டவே ஒட்டாது என்பதால், அதைக் குறையாகக் கொண்டு நல்ல பாகத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். கதவு என்றால் அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெளித்தகரம் உட்தகரத்தின்மேல் மடித்து அழுத்தப்பட்ட இடம் அது. நீர் வடியும் துளைகள் கிறவல் புழுதியால் அடைபட்டால் கறள் அங்கேதான் உள்ளிருந்து தொடங்குகிறது. பெயின்ற் அந்த விளிம்பில் கொப்பளித்திருக்கும் கதவை, விலை எவ்வளவு குறைவாயினும் நாம் வாங்கி விற்பதில்லை.

முன் மட்காட், பொனட், கதவு, டிக்கி மூடி ஆகியன ஆணி கழற்றி மாற்றக்கூடியவை. பின்பக்க மட்காட் வாகனத்தின் உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. அதை வெட்டி மாற்றுவது உடலின் உறுதியையே தொடும் வேலையாகையால், சிறிய நெளிவுக்கு அதை வாங்கவேண்டாம் என்றே சொல்கிறோம்.

நிறம் இவற்றின் பின்னரே வருகிறது. வாகனத்தின் அடையாளத் தகட்டில் வர்ணக் குறியீடு இருக்கும். ரொயோட்டாவில் 040 சாதாரண வெள்ளை, 070 முத்து வெள்ளை, 1எஃப்7 வெள்ளி. குறியீடு ஒன்றானாலும், வெயிலில் பல ஆண்டுகள் நின்ற உங்கள் வாகனமும் வேறொரு நாட்டில் ஓடிய வாகனத்தின் கதவும் ஒரே அளவில் மங்கியிருக்க மாட்டா. சாதாரண வெள்ளையை நன்றாகப் பொலிஷ் செய்தால் சில வேளைகளில் ஒத்துவரும். வெள்ளி நிறத்தில் உலோகத் துகள்கள் ஒளியைத் திருப்பும் விதம் மாறுவதால் கோணத்துக்குக் கோணம் வேறுபாடு தெரியும். முத்து வெள்ளையோ அடிநிறம், முத்துப்பூச்சு, கிளியர் எனும் நிறமற்ற மேற்பூச்சு என மூன்று படையாகப் பூசப்படுவது. பக்கத்துப் பாகத்தின்மேலும் படிப்படியாகக் கலந்து அடித்தால்தான் கண்ணுக்கு ஒன்றாகும். பெரும்பாலும் எப்படியும் பெயின்ற் அடிக்கப்போகும் பாகத்துக்கு, நிறத்துக்காக மேலதிக விலை கொடுப்பதில் எமக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்தை நல்ல பெயின்ற் வேலைக்குக் கொடுங்கள். கடைக்குள் மின்குமிழ் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடவும் வேண்டாம். வெளியே பகல் வெளிச்சத்தில் வாகனத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இன்று எமது வீதிகளில் ஓடும் பல வாகனங்கள் இன்னும் நீண்ட காலம் உழைக்கவேண்டியவை என்பதை மனத்தில் வைத்தே இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம்.

பாகம் தேவைப்படுவோர் சேஸி இலக்கத்தையும், அடையாளத் தகட்டின் படத்தையும், சேதமடைந்த பக்கத்தைப் பகலில் எடுத்த படங்களையும் அனுப்பிவையுங்கள். காப்புறுதி கோருவதாயின், மதிப்பீட்டாளர் பார்க்குமுன் எதையும் கழற்றவேண்டாம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கும் பாகத்தை, பொதியைப் பிரித்து எம் முன்னிலையிலேயே பார்த்துவிட்டுப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை, புதிது பூட்டி முடியும்வரை வீசிவிடாதீர்கள். கிளிப், றப்பர், பூட்டு, கண்ணாடி மோட்டார் போன்றவை பெரும்பாலும் அதிலிருந்தே எடுத்துப் பூட்டப்படவேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
கடை நிர்வாகத்தினர்,
கிளிநொச்சி.