அண்டூயின் வேடம் கட்டிய ஆறு

தே அனாவ், நியூசிலாந்து
ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுது. இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் எழுகிறது, மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடுகிறது. விடுதிச் சமையலறையில் எனக்கு மாலை முறை வேலை என்பதால் பகல் வெளிச்சத்தில் பெரும்பகுதியை ஆற்றங்கரையில் கழிக்கிறேன்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படத்தில் வரும் அந்த ஆற்றைப் பற்றித்தான் நீ கேட்டிருந்தாய். அந்தக் கதையை எழுதிய டோல்கீனின் கற்பனை உலக வரைபடத்தைத் திண்ணைச் சுவரில் ஒட்டி வைத்து, அண்டூயின் ஆற்றின் மேல் நீ விரலை ஓட்டியபடி கதை சொல்வது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வடக்கே மலையடிவாரத்தில் இரண்டு ஓடைகள் கூடிப் பிறக்கும் அந்தப் பேராறு, மேற்கே மூடுபனி மலைத்தொடரும் கிழக்கே இருண்ட காடும் துணைவரத் தெற்கு நோக்கி இறங்கி, கதையின் மந்திர மோதிரம் தொலைந்த நாணற்சதுப்பைக் கடந்து, இரண்டு அரசர்களின் மாபெரும் கற்சிலைகளுக்கு நடுவே புகுந்து, நென் ஹிதோயெல் என்னும் ஏரியாகப் பரந்து, ராவ்ரோஸ் அருவியாக விழுந்து, பாழடைந்த ஒஸ்கிலியத் நகரின் ஊடாகச் சென்று, கழிமுகத்தில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. இத்தனை தூரத்திலும் ஒருவரும் அதன் குறுக்கே அணை போடவில்லை என்று அப்பா ஒருமுறை வியந்தது நினைவிருக்கிறதா? மதகுக் காவலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவருக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

2001-இல் வந்த அந்தத் திரைப்படத்தில் அண்டூயினாகச் சில காட்சிகளில் நடித்தது இங்குள்ள வய்யாவ் ஆறு. தே அனாவ் ஏரிக்கும் மனபூரி ஏரிக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் படகுகளை விட்டுப் படம் பிடித்தார்கள். இரண்டு கரையிலும் நீர்விளிம்புவரை இறங்கி நிற்கும் பீச் (beech) மரக்காடு, அடியிலுள்ள கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போன்ற தெளிவு, கையை வைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சி, இவற்றோடு வெயில் காலத்தில் காதையும் கழுத்தையும் பிடுங்கும் சாண்ட்ஃபிளை என்னும் கருப்புச் சிற்றீயையும் சேர்த்துக்கொள்; அந்த ஈயை மட்டும் படத்தில் காட்டவில்லை. சிலைகள் வரும் இடம் குவீன்ஸ்டவுன் பக்கத்திலுள்ள கவாராவ் பள்ளத்தாக்கு. சிலைகளைக் கணினியில் பின்னர் சேர்த்தார்கள். ஆகவே நீ திரையில் பார்த்தது பல ஆறுகளின் துண்டுகளை ஒட்டுப்போட்ட ஒரே ஆறு.

ஆனால் வய்யாவின் உண்மையான போக்கு, அந்தக் கதையைவிட எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது. அப்பாவுக்கு இந்தப் பகுதியை நிதானமாக வாசித்துக் காட்டு. தே அனாவ் ஏரியிலிருந்து புறப்படும் இடத்திலேயே அதற்கு ஷட்டர்கள் உண்டு. அங்கிருந்து ஓடி மனபூரி ஏரியில் சேர்கிறது. பழைய நாட்களில் மனபூரியிலிருந்து வெளியேறித் தெற்கே தே வேவே விரிகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த நீரில் பெரும்பங்கு, இப்போது ஏரியின் மேற்குக் கோடியில் மலைக்குள் செங்குத்தாக விழுந்து, நிலத்தடியில் குடைந்த கூடத்திலுள்ள ஏழு மின் எந்திரங்களைச் சுழற்றி, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கங்கள் வழியாக மலையின் மறுபுறம் டவுட்ஃபுல் சவுண்ட் என்னும் கடற்கழியில் கலக்கிறது. தெற்குக் கடலுக்குப் போக வேண்டிய ஆறு மலையைத் துளைத்து மேற்குக் கடலுக்குப் போகிறது. அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி ப்ளஃப் துறைமுகத்தருகே இருக்கும் அலுமினிய உருக்காலைக்குச் செல்கிறது.

மனபூரிக்குக் கீழே மரரோவா என்ற கிளையாறு வந்து சேரும் இடத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. அது அந்தத் தண்ணீரையும் ஏரிக்கே திருப்புகிறது, கலங்கல் அதிகமானால் மட்டும் ஏரி கெடாதபடி கீழே விட்டுவிடுகிறார்கள். படத்தில் நென் ஹிதோயெல் ஏரியாக வந்த மவோரா ஏரியின் நீர்தான் இந்த மரரோவா என்பது உனக்குப் பிடிக்கும். அப்பாவின் கணக்கில் சொன்னால், இயற்கையாக விநாடிக்கு ஏறத்தாழ 16,000 கன அடி ஓடிய ஆற்றில், இப்போது தடுப்பணைக்குக் கீழே கட்டாயமாக விட வேண்டியது குளிர்காலத்தில் சுமார் 420, கோடையில் சுமார் 560. கடைமடைக்காரன் படும் பாடு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

இந்த மின்நிலையத்துக்கான முதல் திட்டம் மனபூரி ஏரியின் மட்டத்தை 30 மீட்டர்வரை உயர்த்துவதாக இருந்ததாம். கரைக்காடுகள் மூழ்கும் என்று மக்கள் எதிர்த்தார்கள். 1970-இல் 2,64,907 பேர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது, அது அன்றைய மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கிய எண்ணிக்கை. ஏரி தன் மட்டத்திலேயே தப்பியது. தப்பாதது கீழ் ஆறு. அதற்காக அப்போது அத்தனை பேர் கையெழுத்திட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அக்டோபரில் இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும். தடுப்பணையில் தொடங்கிக் கழிமுகம்வரை கரையோரமாகப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். 2004-இல் கீழ் வய்யாவில் டிடிமோ என்னும் வழுக்குப் பாசி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, ஓர் ஆற்றில் நனைந்த காலணியைக் கழுவி உலர்த்தாமல் அடுத்த ஆற்றில் இறங்கக் கூடாது என்பது இங்கு கண்டிப்பு; ஆகவே கூடுதலாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். உன் பழைய வரைபடம் கிழியாமல் இருந்தால் மடித்து அனுப்பு. அப்பா கழிமுகத்தைப் பற்றி என்ன கேட்கிறார் என்பதையும் எழுது, பார்த்து வந்து பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்